சீழ் பிடிக்காத காயம்

காயம் சீழ் பிடிக்கவில்லை என்று தெருவெல்லாம் சொல்லிப் பெருமையடித்தவள் நான்தான். "எங்க வூட்டுக்காரருக்கு இரும்பு ஒடம்பு. தகரம் கிழிச்சுங்கூட ஒரு ஜுரம் இல்ல, ஒரு செவப்பு இல்ல" என்று குழாயடியில் சொன்னேன். சொன்ன வாயை இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

நாங்கள் இருப்பது படப்பையில். அவருக்கு ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷினில் வேலை. கான்ட்ராக்ட்தான். அந்த மாதம் லீவே போடாமல் இருந்தால் பர்மனென்ட் ஆக்குவார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. பாருங்கள், அந்த மாதம் பார்த்துத்தான் தகரத்தின் விளிம்பு கையுறையோடு சேர்த்து வலது ஆள்காட்டி விரலின் அடியைக் கிழித்துவிட்டது. கட்டுப் போட்டுக்கொண்டு மறுநாளே ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார். கேட்டில் நெற்றிக்கு நேரே ஜுரம் பார்க்கும் துப்பாக்கியை நீட்டுவார்கள். சூடு காட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அது லீவில் சேர்ந்துவிடும்.

அதற்குத்தான் 'செட்டு'. கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே மெடிக்கல் ஷாப். "ஒரு ஜுர செட்டு குடுங்கண்ணா" என்றால் போதும், கடைக்காரர் அட்டை அட்டையாகக் கத்தரித்துச் சின்னக் காகிதக் கவரில் போட்டுத் தருவார். மஞ்சளில் ஒன்று, ரோஸில் ஒன்று, பெரிய வெள்ளை ஒன்று, மிளகு போல ஒரு குட்டி வெள்ளை. எது எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. டீயோடு விழுங்கிவிட்டு பஸ் ஏறுவார்கள். ஆணும் பெண்ணும், மொத்த லைனும் அப்படித்தான். என் வீட்டுக்காரர் காலையில் ஒரு செட்டு, ராத்திரி ஒரு செட்டு போட்டார். துப்பாக்கி ஒரு நாளும் சூடு காட்டவில்லை. காயமும் வெளுத்து, காய்ந்து, சாதுவாக இருந்தது. எனக்கும் நிம்மதியாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் கையிலிருந்து டீ கிளாஸ் நழுவி விழுந்தது.

"இன்னாய்யா, காலங்காத்தாலயே கை நடுங்குதா? நேத்து எந்தக் கடைக்குப் போன?" என்று வாரினேன். அவர் சிரிக்கவில்லை. விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அது கொக்கி மாதிரி மடங்கி நின்றது. பிடித்து நீட்டப் பார்த்தேன், வரவில்லை. புறங்கை பொதபொதவென்று இருந்தது. கட்டை அவிழ்த்தால் காயத்தைச் சுற்றிச் சாம்பல் நிறம், குப்பென்று ஒரு நாற்றம்.

"வலிக்கலையாய்யா?"

"இல்லடி. சும்மா மரத்துப் போன மாதிரி கீது."

ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. பக்கத்து வீட்டுப் பையன் பைக் ஓட்ட, நடுவில் அவரை உட்கார வைத்து, பின்னால் நான் பிடித்துக்கொண்டு தண்டலம் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டரம்மா என்னைவிடச் சின்னவர். கையைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. ரத்தம் எடுக்கச் சொன்னார். என்ன மாத்திரை என்று கேட்டார். வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்த கவரைக் கொடுத்தேன். குட்டி வெள்ளையை மட்டும் தனியே எடுத்து மேஜைமேல் வைத்தார். உடனே ஆபரேஷன் என்றார். விரலை எடுக்க வேண்டியிருந்தாலும் சம்மதம் என்று என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். என் பெயரையே தப்பாக எழுதினேன்.

ஆபரேஷன் முடிந்து வெளியே வந்த டாக்டரம்மாவை ஓடிப் போய்ப் பிடித்துக்கொண்டேன். "மேடம், உள்ள ரொம்பச் சீழு இருந்துச்சா?"

"இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்மா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தப் பொண்ணுக்கு என்ன கிறுக்கா என்றுகூட நினைத்தேன்.

அவர் என்னை பெஞ்சில் உட்கார வைத்தார். "கிருமி பூந்த எடத்துல இருந்து ரசாயன வாசனை கெளம்பும்மா. ரத்தத்துல ஓடுற வெள்ளை அணு அதை மோந்துட்டு வெளிய எறங்கி வரும். வழியில வேற வேற வாசனையும் இழுக்கும். ஆனா கிட்ட வந்ததும் மத்ததை விட்டுட்டு கிருமியோட வாசனையைப் புடிச்சுட்டுப் போகும். அங்க சண்டை போட்டுச் செத்துக் கெடக்கறதுதான் சீழ். அந்தக் குட்டி மாத்திரை ஸ்டீராய்டு. வாசனை வான்னு கூப்பிடும், இது போகாதேன்னு தடுக்கும். மாத்திரைதான் ஜெயிச்சுது."

"அப்போ வெள்ளை அணுவே இல்லையா?"

"ரத்தத்துல எக்கச்சக்கமா இருக்கு. காயத்துலதான் இல்ல."

எனக்கு இப்படித்தான் புரிந்தது: ஆள் நிறைய ஏற்றிய கம்பெனி பஸ் எங்கள் ஸ்டாப்பில் நிற்காமல் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. நான் நிம்மதி என்று நினைத்த நாளெல்லாம் அந்தக் கை தனியாகக் கிடந்து அழுகியிருக்கிறது. அடப்பாவி, ஜுரம் இல்லை என்று சாமிக்குக் கற்பூரம் வேறு ஏற்றினேனே!

"விரல் போச்சும்மா. கை நிக்குமான்னு ரெண்டு நாள் பாக்கணும். இனி ஜுரம் அடிச்சா, செவந்து வீங்கினா, வலிச்சா எங்கிட்ட ஓடி வந்து சொல்லுங்க. அதெல்லாம் வந்தா ஒடம்பு முழிச்சுக்குதுன்னு அர்த்தம்." என் வீட்டுக்காரர் கண் முழித்ததும் அவரிடமும் இதையே சொல்லி, குட்டி மாத்திரையைக் காட்டி, இனி தொடவே கூடாது என்றார். இவரும் தலையாட்டினார்.

அந்த இரண்டு நாளும் புருஷனுக்கு ஜுரம் வரட்டும் என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எந்தப் பெண்டாட்டி வேண்டுவாள் இப்படி? மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் முனகினார். நெற்றி கொதித்தது. கட்டுக்கு மேலே மணிக்கட்டு சிவந்திருந்தது. "வலிக்குதுடி, தாங்க முடியல" என்று கத்தினார். நான் ஓவென்று அழுதுகொண்டே டாக்டரம்மாவிடம் ஓடினேன். வந்து பார்த்தவர், "கை தப்பிச்சுதும்மா" என்று சிரித்தார். வலிக்கு ஊசி எடுத்து வர நர்ஸிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த நேரம் பார்த்து லைனில் கூட வேலை செய்யும் தம்பி ஒருவர், ஷிப்டு முடிந்து அதே சட்டையோடு பார்க்க வந்தார். பாவம், நல்ல மனசு. இவர் கத்துவதைக் கேட்டு அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "இன்னாண்ணா, இப்டி துடிக்கிற" என்று பையில் கை விட்டார். மடித்த காகிதக் கவர் வெளியே வந்தது.

தட்டிவிட எழுந்தேன். அதற்குள் என் வீட்டுக்காரர் இடது கையை நீட்டியிருந்தார்.