சோலையம்மாளும் சுண்ணாம்புச் சத்தும்

ஆமத்தூர் சோலையம்மாளின் கழுத்துக் கட்டியை அறுத்தெடுத்த மதுரை டாக்டர் ஒன்றைத்தான் படித்துப் படித்துச் சொன்னார்: "உடம்புல சுண்ணாம்புச் சத்து குறையும். மாத்திரைய நிறுத்தவே கூடாதும்மா." அவளும் தலையை ஆட்டிவிட்டுத்தான் வந்தாள்.

பத்தாம் நாள் உதட்டைச் சுற்றிக் குறுகுறுத்தது. விரல் நுனியெல்லாம் மதமதவென்று மரத்தது. இருபது வருஷமாக வெற்றிலை போடுகிறவளுக்குத் தெரியாதா? சுண்ணாம்பு கூடினால் வாய்க்குத்தானே கேடு! வெற்றிலையிலும் சுண்ணாம்பு, மாத்திரையும் சுண்ணாம்பு என்றால், உடம்பு என்ன சுவரா, வெள்ளையடிக்க? வெற்றிலையை விட மனசு வரவில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டாள்.

அது 2006, தீபாவளி சீசன். சிவகாசிப் பக்கம் ஒரு வெடி கம்பெனியில் பெட்டிக்கு லேபிள் ஒட்டும் வேலை அவளுக்கு. கெண்டைக்கால் சுண்டி இழுக்க ஆரம்பித்தது. "அண்ணாச்சி, கையி காலெல்லாம் இழுக்குது. ஆசுபத்திரிக்குப் போயிட்டு வந்துரட்டா?" என்று போர்மேன் சீனிவாசகத்திடம் இரண்டு தடவை கேட்டாள்.

"லோடு ஏத்த லாரி நிக்குது. இப்பத்தான் கால் இழுக்குதாக்கும்!" என்றார் அவர், தலையைக்கூட நிமிர்த்தாமல். அந்த மனுஷனை என்ன சொல்ல!

மறுநாள் மத்தியானம் அவளுடைய வலது கை தானாக முறுக்கிக்கொண்டது. மணிக்கட்டு மடங்கி, ஐந்து விரலும் குவிந்து நின்றன. வாயோரம் வெட்டி வெட்டி இழுத்தது. விரலைப் பிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. செத்துத்தான் போகப்போகிறோம் என்று அலறினாள்.

பக்கத்தில் இருந்த செல்லத்தாய் அந்தக் கையைப் பார்த்தாள். திருநீறு அள்ளிய கையேதான்! "ஏ, ஆத்தா எறங்கிட்டாடீ!" என்று குலவை போட்டாள். பசைக் கையோடு நாற்பது பேர் ஓடி வந்து வரிசை கட்டினார்கள். குவிந்த விரலுக்குக் கீழே ஒவ்வொருத்தியாக நெற்றியை நீட்டினாள். ஒருத்தி, மகளுக்கு மாப்பிள்ளை எந்தத் திசையில் என்று கேட்டாள். சோலையம்மாளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

சீனிவாசகம் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "என்ன குத்தம் தாயி? என்ன வேணும், சொல்லு!"

"ஆசுபத்திரி..." என்றாள் கோணிய வாயால்.

"ஏலே, ஆத்தா ஆசுபத்திரி கேக்குதுலே! வேன எடுங்க!" லாரி, லோடு எல்லாம் அவருக்கு மறந்தே போனது.

ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாகக் கால்சியம் மெல்ல ஏற, விரல்கள் பிரிந்தன. சோலையம்மாள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அழுதாள்.

"சுண்ணாம்பு கூடலம்மா, குறைஞ்சிருக்கு," என்றாள் டாக்டரம்மா. "வாய் குறுகுறுத்தது, விரல் மரத்தது, கால் இழுத்தது எல்லாம் அதுக்கு அடையாளம். இழுக்க ஆரம்பிச்சப்பவே யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"ரெண்டு தடவ சொன்னேம்மா. அப்ப நான் சோலையம்மாளாவுல்ல இருந்தேன்."