போன் அவ கையிலயே இருக்கட்டும்

போன வாரம் பெரம்பலூரில் வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது என் போன் அடித்தது. திரையில் என்னோடு பாடம் நடத்தும் மெகராஜின் பெயர். திருச்சி ஆஸ்பத்திரியில் இருப்பவர், குரலையாவது கேட்கலாம் என்று அவசரமாக எடுத்தேன். பேசியது அவருடைய தம்பி. "அக்கா மவுத்தாயிட்டாங்கம்மா" என்றார். என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோன ஒரு மாணவி, "குடுங்க மேடம், நான் பேசுறேன்" என்று கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. எப்போது, யார் பக்கத்தில் இருந்தார்கள், அடக்கம் எங்கே என்று எல்லாவற்றையும் நானே கேட்டு, நானே காதில் வாங்கிக்கொண்டேன். அப்படிச் செய்ய வைத்ததும் மெகராஜ்தான்.

அவரைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுத்தோம். நான் அரியலூர்க்காரி, அவர் லப்பைக்குடிக்காடு. வகுப்புக்கு வருபவர்களில் பாதிப்பேர், வளைகுடாவில் கணவர் வேலை பார்க்கும் பெண்கள். நான் இன், ஆன், அட் என்று கட்டம் போட்டு எழுதிக்கொண்டிருப்பேன். மெகராஜ் வாசல்படியில் நின்று அதைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, "ஏ தமிழு, உன் கட்டத்துக்குள்ள பஸ்ஸே வராதாடி?" என்று கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர் பாடம் நடத்தும் விதமே வேறு. செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போய்விடுவார். ஹாரன் அலறும் பஸ் ஸ்டாண்டுக்குள் நின்றுகொண்டு, மாடியில் உட்கார்ந்திருக்கும் யாராவது ஒருத்திக்குப் போன் போடுவார். ஒரு நாள் விமான நிலைய அதிகாரி, ஒரு நாள் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை, ஒரு நாள் வீட்டுச் சொந்தக்காரர். யாருடைய போன் அடிக்கிறதோ அவள்தான் பேச வேண்டும். பக்கத்தில் இருப்பவளிடம் தள்ளிவிடக் கூடாது. அந்த வகுப்பில் இருந்த ஒரே சட்டம் அதுதான்.

"அமைதியான எடத்துல பேசிப் பழகுனா நல்லா வருமே" என்று ஒருமுறை சொன்னேன்.

"அமைதியான எடத்துல இருக்கும்போது யாரு நம்மளக் கூப்புடுறா?" என்றார்.

பெண்கள் எதற்கெடுத்தாலும் 'மே ஐ' என்று ஆரம்பிப்பார்கள். அதைக் கேட்டாலே அவருக்கு ஆகாது. "ஒங்க வூட்டுக்காரரு எப்படி இருக்காருன்னு கேக்குறதுக்கு யாருகிட்டம்மா அனுமதி வாங்கணும்? 'ஐ வான்ட் டு நோ'ன்னு சொல்லுங்க" என்பார். 'மஸ்ட்' என்று சொல்லச் சொன்னால் எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிடும். மரியாதை இல்லாமல் பேசுவதுபோல் கூச்சம். மெகராஜ் விடமாட்டார். கீழே டீக்கடைக்குக் கேட்கும் அளவுக்குக் கத்தச் சொல்வார். "பெரிய வார்த்தையெல்லாம் வராட்டிப் பரவால்ல. ஹி, ஷி, இன், அட், கேன், மஸ்ட். இந்தச் சின்னதுகளக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டா ஊரு உலகமே சுத்தலாம்" என்பது அவர் அடிக்கடி சொன்னது.

கலைச்செல்வியைப் பற்றிச் சொல்லாமல் மெகராஜைப் பற்றிச் சொல்ல முடியாது. பாடாலூர்ப் பெண். கணவர் ரவி மஸ்கட்டில் கட்டட வேலை செய்துகொண்டிருந்தார். வகுப்பிலேயே மெல்லிய குரல் அவளுடையதுதான். மெகராஜ் போன் போட்டால் "ஹலோ" என்பதற்குள் அவளுக்கு வேர்த்துவிடும்.

ஒரு நாள் வகுப்பு நடுவில் அவளுடைய கொழுந்தன் மாடிப்படியில் தடதடவென்று ஏறி வந்தான். "அண்ணி, அண்ணன் சாரத்துலேருந்து விழுந்துட்டானாம். கூட இருக்கவன் போன் பண்ணுனான். ஆஸ்பத்திரியில சேத்துட்டாங்களாம்" என்றான். அவன் சொல்லி முடிக்கும் முன்பே கலைச்செல்வியின் போன் அடித்தது. வெளிநாட்டு எண். அவள் எழுந்து நின்றாள், போனை எடுத்தாள், எதிர்முனையில் ஒரு பெண் வேகமாக ஆங்கிலம் பேசினாள். கலைச்செல்வியின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"டீச்சர்கிட்ட குடுங்க அண்ணி! அவங்க பேசட்டும்!" என்று கொழுந்தன் கத்தினான். நான் அதற்குள் அவள் பக்கத்தில் போய்க் கையை நீட்டிவிட்டேன். கலைச்செல்வியும் போனைக் காதிலிருந்து எடுத்தாள். அப்போதுதான் மெகராஜ் குறுக்கே வந்து நின்றார். என் மணிக்கட்டைப் பிடித்த பிடி இப்போதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"போன் அவ கையிலயே இருக்கட்டும்."

"மெகராஜ், இது ஒன் வகுப்பு இல்ல. அங்க ஒரு உசுரு கெடக்கு."

"அவ புருஷன் உசுரு. அவ பேசட்டும்." பிறகு கலைச்செல்வியின் பக்கம் திரும்பி, "நான் கீழ பஸ் ஸ்டாண்டுல நின்னு பேசுறேன்னு நெனச்சுக்க. மெதுவாப் பேசச் சொல்லு" என்றார்.

கொழுந்தன் மெகராஜைத் தள்ளிவிடுவான் போல இருந்தது. எனக்கும் அந்த நேரத்தில் அவர்மேல் வெறுப்பே வந்தது, ஒளிக்க ஒன்றுமில்லை. ஒருத்தி வாழ்க்கையை வைத்துப் பரீட்சை நடத்துகிறாளே என்று இருந்தது. கலைச்செல்வி கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். "ஸ்லோ. ஐ ஆம் ஹிஸ் வொய்ஃப். ஸ்பீக் ஸ்லோ" என்றாள்.

எதிர்முனை மெதுவானது. லவுட் ஸ்பீக்கரைப் போட்டாள். நர்ஸ்தான் பேசினாள். ரவிக்கு நினைவு இல்லை, காலில் பெரிய முறிவு, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், இன்ன ஊசி போடப் போகிறோம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். "பண்ணச் சொல்லுங்க அண்ணி, எல்லாத்தையும் பண்ணச் சொல்லுங்க" என்று கொழுந்தன் அழுதான். போன் என் கையில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அந்த மருந்தின் பெயர் என் காதில் விழுந்து அப்படியே போய்விட்டது.

கலைச்செல்விக்குப் போகவில்லை. கல்யாணமான புதிதில் அதே ஊசியைப் போட்டு, ரவிக்கு முகமெல்லாம் வீங்கி மூச்சு முட்டி, பிழைத்ததே பெரும்பாடாகியிருக்கிறது. அந்தப் பெயரை மறக்கவே கூடாது என்று டாக்டர் அவளிடம்தான் சொல்லியிருக்கிறார். அவள் கண்ணைத் திறந்தாள்.

"நோ. நோ. ஹி கேனாட் டேக் தட். யூ மஸ்ட் நாட் கிவ் ஹிம்."

"சாரி?" என்றது எதிர்முனை. இரைச்சல் வந்தது. கொழுந்தன் வாயைத் திறக்க, மெகராஜ் அவனைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

"யூ மஸ்ட் நாட்!" கலைச்செல்வி கத்தினாள். கீழே டீக்கடையில் எல்லோரும் நிமிர்ந்து பார்த்திருப்பார்கள். "பிஃபோர், இன் பெரம்பலூர், ஹிஸ் ஃபேஸ், பிக்! நோ பிரீத்! டெல் த டாக்டர். நவ்!"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தோம். பிறகு நர்ஸ் மருந்தின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் திருப்பிச் சொல்லி, இதுதானா என்று கேட்டாள். "எஸ். தட்" என்றாள் கலைச்செல்வி. வேறு மருந்து கொடுக்கிறோம் என்று நர்ஸ் சொன்ன பிறகுதான் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

மெகராஜோடு இரண்டு நாள் நான் பேசவில்லை. அன்று நான் கையை நீட்டியது தப்பு என்று இன்றைக்கும் நினைக்கவில்லை. மூன்றாம் நாள்தான், அவளுக்குப் பேச்சே வராமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். மெகராஜ் அதற்கு மழுப்பவில்லை. "எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு தமிழு. ஆனா அவங்கவங்க சேதி அவங்கவங்க காதுக்குத்தான் மொதல்ல போவணும். நீயோ நானோ நடுவுல நின்னா பாதிதான் போய்ச் சேரும்" என்றார்.

அதே பேச்சில் அவர் தன் விஷயத்திலும் கடைசிவரை நின்றார். திருச்சியில் நான் பார்க்கப் போயிருந்த அன்று டாக்டர் வந்தார். கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டு அவருடைய தம்பியிடம் ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தார். ஷி இப்படி, ஷி அப்படி, ஷி மே நாட் என்று போனது பேச்சு. தம்பி பதறிப்போய், "வெளிய போய்ப் பேசிக்கலாம் டாக்டர்" என்றார். மெகராஜ் மூக்கில் இருந்த ஆக்சிஜன் மாஸ்க்கை இழுத்துக் கீழே விட்டார்.

"டாக்டர், அந்த ஷி நான்தான். இங்கதான் படுத்துருக்கேன். என்னப் பாத்து யூன்னு சொல்லுங்க."

டாக்டர் சின்ன வயசுக்காரர். என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "யூ மே நாட் ரெகவர்" என்றார்.

"மே நாட்டா? கேனாட்டா?"

தம்பி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"கேனாட்" என்றார் டாக்டர்.

மெகராஜ் தலையசைத்தார். என் விரல்களைப் பிடித்துக்கொண்டு, "நல்ல டாக்டரு. நேரா சொல்றாரு" என்றார். பிறகு தம்பியைக் கூப்பிட்டு, யார் யாருக்குச் சொல்ல வேண்டும், எந்தப் பள்ளிவாசலில் அடக்கம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் அழுதேன். அவர் அழவில்லை.

அடக்கத்துக்கு ரவி காலைத் தாங்கித் தாங்கி நடந்து வந்திருந்தார். கலைச்செல்வி பெண்கள் பக்கம் என்னோடு உட்கார்ந்திருந்தாள்.

நேற்று மறுபடி வகுப்பைத் திறந்தோம். கலைச்செல்விதான் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போனாள். சற்று நேரத்தில், போன மாதம் சேர்ந்த பெண் ஒருத்தியின் போன் அடித்தது. அவள் எடுத்தாள். பஸ் ஹாரன் சத்தத்துக்கு நடுவில் கலைச்செல்வி ஆங்கிலத்தில் ஏதோ அதிகாரமாகக் கேட்பது எனக்கே கேட்டது. அந்தப் பெண் மிரண்டுபோய்ப் போனை என் பக்கம் நீட்டினாள்.

என் கை நீளத்தான் பார்த்தது. மெகராஜ் பிடித்த அந்த மணிக்கட்டை நானே பின்னால் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"பேசும்மா" என்றேன். "ஒன்னத்தான் கூப்புடுறாங்க."