சேலை கட்டிப் பால் கறந்த மாப்பிள்ளை

போன வாரம் கம்பெனியில் பாதுகாப்புப் பயிற்சி. மஞ்சள் தொப்பி போட்ட ஒரு தம்பி மைக்கைப் பிடித்துக்கொண்டு, "மெஷின் பக்கத்துல லூஸான டிரெஸ் கூடாதுங்க. சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கோணுங்க" என்றார். எல்லாரும் பவ்யமாகத் தலையாட்டினார்கள். நான் மட்டும் குபீரென்று சிரித்துவிட்டேன். தம்பி முறைத்தார். பாவம், அவருக்கு எப்படித் தெரியும்? நான் முதன்முதலாகப் போட்ட பாதுகாப்பு உடையே ஒரு நூல் சேலைதான்.

எண்பதுகளின் கடைசி. திருப்பூரில் பனியன் துணியை வெளுக்கிற பட்டறையில் எனக்கு வேலை. பிளீச்சிங் நெடி உடம்பில் ஏறினால் சீயக்காய்க்கும் மசியாது. பஸ்ஸில் என் பக்கத்து இடம் எப்போதும் காலியாகவே இருக்கும். அதை ஒரு மரியாதை என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். காங்கேயம் பக்கத்தில் எங்கள் தோட்டம், அதில் மயிலை என்றொரு பசு. அந்தச் சாதி மாடு பழகிய ஆளைத் தவிர யாரையும் மடியில் கைவைக்க விடாது. கிடாரியாக இருந்தபோது என் தோளை நக்கியவள், நான் பட்டறைக்குப் போன பிறகு மூக்கை விடைத்துக்கொண்டு கொம்பை ஆட்டினாள். அம்மாவுக்கு மட்டும்தான் கறப்பாள்.

அந்த அம்மா வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கிவிட்டது, பெண்வீட்டார் எங்கள் வீடு பார்க்க வருகிற வாரத்தில். "கம்பெனிக்குப் போறவனுக்கு மாடு கன்னு என்ன தெரியும்?" என்று ஏற்கெனவே இரண்டு இடங்கள் தட்டிப்போயிருந்தன. இந்தப் பெண்ணையோ நான் ஒரு கோயில் நோம்பியில், திருவிழாக் கூட்டத்தில் பார்த்து, அன்றைக்கே பாதிப் பைத்தியமாகியிருந்தேன். இதுவும் போனால் சாமியாராகப் போவதைத் தவிர வேறு வழியில்லை.

வீட்டுக்காரம்மாவால் கறக்க முடியாவிட்டால் ஆண்பிள்ளை அவள் சேலையைச் சுற்றிக்கொண்டு கறப்பது எங்கள் பக்கத்து வழக்கம். முதல் நாள் நான் கெட்டிக்காரத்தனமாக, பீரோவிலிருந்து மடிப்புக் கலையாத சேலையை எடுத்துக் கட்டினேன். பாச்சை உருண்டை வாசத்துக்கு மயிலை ஒரு தும்மல் தும்மினாள். எனக்கு ஒரு உதை. பால் கறக்கிற குண்டான் தென்னைமரம் வரை உருண்டது. அம்மா தலையிலடித்துக்கொண்டு, தான் கட்டியிருந்த சாணிக்கறைச் சேலையை மாற்றிக் கொடுத்தாள். பின்னங்காலைக் கட்டலாமே என்றால், கட்டினால் மயிலை பாலை அடக்கிக்கொள்வாளாம்.

"கண்ணு, அது பாக்கற மாதிரி முன்னாலீந்து போ. முதுவுல கைய வெச்சுட்டு உக்காரு. வாயை மட்டும் தொறந்தறாத. உன்ற சத்தங் கேட்டா ஒதச்சுப்போடும்."

மறுநாள் காலை கட்டுப் போடுகிறவரிடம் அம்மாவை அப்பா அழைத்துப் போனார். பெண்வீட்டார் மதியம்தான் வருவதாகப் பேச்சு. நான் முக்காடும் முந்தானையுமாக உட்கார்ந்தேன். பால் சர்சர்ரென்று இறங்கியது. மயிலையும் நானும் பழையபடி சிநேகிதமாகிவிட்டோம் என்று உள்ளம் துள்ளியது. அப்போது முதுகுக்குப் பின்னால் பேச்சுக்குரல். கார் கிடைத்ததென்று காலையிலேயே வந்து இறங்கிவிட்டார்கள்! வீடு பார்க்க வருகிறவர்கள் எங்கள் பக்கம் நேரே மாடு கட்டும் கட்டுத்தரைக்குத்தான் வருவார்கள். அதை வைத்துத்தான் குடும்பத்தை எடைபோடுவார்கள்.

முன்னால் வந்தவர் பெண்ணின் அத்தை. என் முதுகைப் பார்த்து, "ஏனுங்க அக்கா, நல்லா இருக்கறீங்களா?" என்றார்.

நான் தலையை இன்னும் குனிந்துகொண்டு கறந்தேன்.

"மாப்பிள்ளை இல்லீங்களா?"

முக்காட்டை ஆட்டினேன். அது ஆமாமா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை.

அத்தையின் குரல் மாறியது. "ஊடு தேடி வந்தவிங்கள வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்காத எடத்துலயா நம்ம புள்ளையக் குடுக்கறது? கெளம்புங்க, போலாம்."

செருப்புச் சத்தம் திரும்பியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு பக்கம் மயிலையின் கால், இன்னொரு பக்கம் என் கல்யாணம்.

"வாங்க! எல்லாரும் வாங்க! உக்காருங்க!" என்று அடித்தொண்டையில் கத்தினேன்.

மயிலை அம்மாவின் வாக்கைப் பொய்யாக்கவில்லை. நான் சாணத்தில், குண்டான் ஆகாயத்தில், பால் அத்தையின் பட்டுச்சேலையில். முக்காடு நழுவிவிட்டது.

"அய்யோ சாமி, மீசை!" என்று அலறிய அத்தை, பிறகு தூணைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்தவே முடியவில்லை. பெண்ணின் அப்பா என்னைத் தூக்கிவிட்டார்.

"ஒதைக்கும்னு தெரிஞ்சேதான் வாங்கன்னீங்களா?"

"தெரிஞ்சேதானுங்க."

கிளம்பிப் போகிற பேச்சே அதன்பின் எழவில்லை. அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம்.

அதற்கப்புறம் எந்த விசேஷமானாலும், நான் பந்தலுக்குள் நுழைந்ததும் அத்தை ஊருக்கே கேட்கிற மாதிரி, "நம்ம மாப்பிள்ளைக்கு ஒரு சேலை எடுத்து வெய்யுங்க, பால் கறக்கோணும்" என்பார். பந்தலே குலுங்கும். என் மனைவி வாயைப் பொத்திக்கொள்வாள். நான் சமையல் கொட்டகைக்கு ஓடிவிடுவேன். எத்தனையோ தடவை எரிச்சல்பட்டிருக்கிறேன்.

மயிலை போய் வெகுகாலமாகிறது. கட்டுத்தரை இருந்த இடத்தில் தையல் மெஷின்கள் ஓடுகின்றன. போன தையில் அத்தையும் போய்ச் சேர்ந்தார். நேற்று சொந்தத்தில் ஒரு கல்யாணம். வாசலில் நின்ற பையன்கள் என்னைக் கும்பிட்டு, "வாங்க சார்" என்று முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். சாப்பிட்டுக் கைகழுவும்வரை காத்திருந்தேன். ஒருவர்கூட என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.