கிணற்றுக்குள் மகன், டப்பாவில் பச்சை விளக்கு

இன்று காலை மகன் போனிலேயே மோட்டாரை நிறுத்திவிட்டு, பழுதுபார்க்கக் கிணற்றுக்குள் இறங்கினான். மேலே, போன் செய்தியைக் கேட்டு மோட்டாரைப் போடும் டப்பாவில் பச்சை விளக்கு மின்னியது. கிணற்றை எட்டிப் பார்த்துக் கத்தினேன்.

"ஏலே, மேல ஏறுலே! எவனோ மோட்டாரைப் போடுதான்!"

டப்பாவை மாட்டிக்கொடுத்த மெக்கானிக் பக்கத்தில்தான் நின்றார். "பயப்படாதீய ஆச்சி. இங்கன டவர் கிடையாதுல்லா, டப்பாவுக்கு டப்பா செய்தியைக் கைமாத்தி விடுது. இப்ப மின்னுனது பக்கத்து மேலப்புஞ்சைக்காரர் மோட்டாருக்குப் போற செய்தி."

எங்கள் வரப்பை வெட்டித் தன் பக்கம் சேர்த்துக்கொண்டவன் அவன்!

"அப்ப எங்க செய்தியும் அவன் டப்பா வழியாத்தான் வருதா? நினைச்சா எங்க மோட்டாரைப் போட்டிருவானே!"

"முடியாது ஆச்சி. செய்தி பூட்டிக்கிடக்கும். சாவி உங்க போன்லயும் உங்க டப்பாலயும்தான் இருக்கு. அவுக டப்பா சும்மா சுமக்கும், திறக்க ஏலாது."

"வரப்புக்கும் கல்லு நட்டுத்தான் இருந்துச்சு, தம்பி."

மோட்டாருக்குக் கரண்ட் வரும் பீஸ் கட்டையைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டேன். மகன் மேலே ஏறிவந்து தலை துவட்டும்வரை அதை அவிழ்க்கவில்லை.

அந்த மேலப்புஞ்சைக்காரன் செய்தியை என் டப்பா சுமக்கிறதாம். அந்தக் கோபமும் எனக்கு இன்னும் ஆறவில்லை. உங்கள் டப்பா யார் செய்தியைச் சுமக்கிறது? விசாரித்துச் சொல்லுங்கள். அதுவரை பீஸ் கட்டையைப் பிடுங்காமல் பிள்ளைகளைக் கிணற்றில் இறக்காதீர்கள்.