நண்டுகளை எண்ணிய கண்டக்டர்

தூத்துக்குடியில் கிளம்பிவிட்ட திருச்செந்தூர் பேருந்தை, வாளியோடு ஓடிவந்த எனக்காக விசிலடித்து நிறுத்தினார் அந்தக் கண்டக்டர். ஒல்லியான மனிதர், காதில் பென்சில். ஒவ்வொரு நிறுத்தத்திலும் உதடு அசைய ஆட்களை எண்ணிய பிறகே வண்டியை விடுவார்.

என் வாளிக்குள் இருபது துறவி நண்டுகள். அவை எப்படிச் சங்கு மாற்றிக் குடியேறுகின்றன என்பதுதான் என் எம்.எஸ்சி. ஆய்வு. ஆய்வு முடிந்துவிட்டதால், அவற்றைப் பிடித்த கடற்கரையிலேயே விடப் போய்க்கொண்டிருந்தேன்.

ஆறுமுகநேரி தாண்டி டிரைவர் பிரேக் போட்டார்; வாளி கவிழ்ந்தது. காலைத் தூக்கிக்கொண்டு அலறியவர்களே பிறகு சிரித்தபடி நண்டு பிடித்தார்கள். வண்டி ஓரமாக நின்றது.

கண்டக்டர் எண்ணினார். “பத்தொம்பது. ஒன்னு கொறையுதே.”

எல்லோரையும் காக்கவைக்கும் கூச்சம் எனக்கு. “போகட்டும் அண்ணாச்சி, ஒன்னுதானே.”

“ஒத்த ஆளுதானேன்னு நானும் உன்ன விட்டுட்டு வந்திருந்தா?” என்றபடி மண்டிபோட்டு, செல்போன் வெளிச்சத்தில் சீட்டுக்கடியில் தேடினார்.

டிரைவர் கழற்றிப்போட்ட செருப்பின் மேல், புது வீடு பார்க்க வந்ததுபோல உட்கார்ந்திருந்தது இருபதாவது நண்டு. பேருந்தே கைதட்டியது. கண்டக்டர் மட்டும் மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

“ஆளு நாப்பத்தி மூணு, நண்டு இருவது. போலாம் ரைட்!”

கடற்கரையில் ஒவ்வொன்றாக மணலில் இறக்கியபோது என் உதடுகளும் அசைந்தன. கடைசி நண்டு தண்ணீரைப் பார்த்து நடந்ததும், என்னையறியாமல் சத்தமாகச் சொல்லிவிட்டேன்: “போலாம் ரைட்!”