அம்மன் பெயரில் எழுதிய காடு

செங்கோடன் முப்பது வயதுவரை பிறர் பண்ணையில் ஆளாக இருந்தவன். எருமப்பட்டிக்குத் தெற்கே கல்லும் கள்ளியுமாகக் கிடந்த எட்டு ஏக்கர் புறம்போக்கை, அவனும் சேரியின் மற்ற ஐந்து குடும்பங்களும் நான்கு வருடம் கல் பொறுக்கி, உழுது விதைக்கிற காடாக்கினார்கள். நடுவில் வரப்பு போடவில்லை. விளைந்த கம்பைக் களத்தில் ஒரே குவியலாகக் கொட்டி, வீட்டுக்கு வீடு அல்ல, வாய்க்கு வாய் பங்கிட்டார்கள். மாடில்லாத விதவை சௌந்திரத்துக்கும் அவளுடைய மூன்று பிள்ளைகளுக்கும் நான்கு பங்கு.

1937இல் பட்டா எழுத அதிகாரி வந்தார். யார் பெயரில் என்று கேட்டார்.

“ஆறு பேரையும் எழுதுங்க சாமி” என்றாள் சௌந்திரம்.

செங்கோடன் பயந்தான். ஆறில் ஒருவன் குடிபோதையில் கைநாட்டு வைத்தாலும் காடு துண்டாகிவிடும். “ஊர் மாரியம்மன் பேருல எழுதுங்க சாமி. அவ கள்ளுங் குடிக்க மாட்டா, காட்டை விக்கவும் மாட்டா.”

எல்லோரும் சிரித்தார்கள்.

“அவளுக்கு வாயில்லீங்கண்ணா. அவளுக்காகப் பேசறதுக்கு ஒருத்தன் வருவான்” என்றாள் சௌந்திரம்.

“நீ சும்மா இரு அம்மிணி. சாமி குத்தமாயிரும்.”

அம்மன் பெயரே ஏறியது.

மறு வருடம் கோயில் தர்மகர்த்தா வெங்கடாசலம் காட்டுக்கு வந்தார். “அம்மன் காட்டுல உங்களுக்கு என்னடா வேலை?”

“நாங்க திருத்துன காடுங்க சாமி. நாங்கதான் அம்மன் பேருக்கு எழுதச் சொன்னமுங்க.”

“நல்ல காரியம். புண்ணியம் உங்களுக்கு, காடு அம்மனுக்கு.”

குத்தகை ஏலம் கோயில் மண்டபத்துக்குள் நடந்தது. அந்த வாசற்படியைச் செங்கோடன் மிதிக்கக் கூடாது. தெருவில் நின்றபடி, ஆறு குடும்பமும் சேர்ந்து முடிவு செய்த தொகையைக் கத்திச் சொன்னான். உள்ளே வந்து கேட்டால்தான் செல்லும் என்றார் வெங்கடாசலம். அவன் உள்ளே வரக்கூடாது என்றவரும் அவரே. காடு அவருடைய மைத்துனருக்குப் போயிற்று.

உழைப்பவன் உள்ளே வந்தால் கற்சிலைக்குத் தீட்டு. அவன் திருத்திய நிலத்தை விழுங்கினால் மட்டும் தீட்டில்லை. இதற்குப் பெயர் தர்மமாம்.

சௌந்திரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இலங்கைக்கு, கண்டித் தேயிலைத் தோட்டத்துக்குப் புறப்பட்டாள். செங்கோடன் ரயிலடிவரை போனான்.

“என்னைய நாலு வார்த்தை திட்டிட்டாவது போ அம்மிணி.”

“எதுக்குங்கண்ணா? நீங்க எங்களுக்குக் கெடுதல் நெனைக்கலீங்களே.”

அவள் திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சமாவது ஆறியிருக்கும்.

ஆடி பிறந்ததும் அதே காட்டில் விதைக்க வெங்கடாசலத்தின் மைத்துனர் ஆள் தேடினார். செங்கோடனுக்குப் போக வேறு காடில்லை. கூலிக்குப் போனான்.