பாட்டு முடிவதற்குள் போர்த்திய பொன்னாடை

போன சனிக்கிழமை லா ஷப்பல் தமிழ்க் கடைத்தெருவில் மரக்கறி வாங்கி முடித்து, நானும் மகளும் தேத்தண்ணிக் கடையில் மட்டன் ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தோம். அவள் சிரித்துச் சிரித்துப் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஏதோ பிரெஞ்சு இசைக்குழுவின் கச்சேரி. பாட்டுக்கு நடுவில், வயிற்றில் தலையணை கட்டிய ஒருவன் மினுங்கும் துணியோடு மேடையேறுகிறான். அதைக் கித்தார்க்காரனின் தோளில் போர்த்திக் கைகூப்பி, என்னவோ உளறுகிறான். அவன் உளற உளறக் கித்தார் அதை அப்படியே திருப்பிச் சொல்கிறது. சனம் விழுந்து விழுந்து சிரிக்கிறது.

"எல்லாக் கச்சேரியிலும் இதைச் செய்கிறார்கள், பப்பா!" என்றாள் பிரெஞ்சில். ரோல்ஸைத் தட்டில் வைத்துவிட்டுப் போனை வாங்கிப் பார்த்தேன். கித்தார்க்காரன் தயா. தலையணை கட்டியவன் நடிப்பது என்னைத்தான். அவன் மேடையில் நான் ஏறிய அன்றைக்கு எனக்கு வயிறே கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவனைத் தேடிப் போன அன்றைக்கும் இதே ரோல்ஸ் மணம்தான், கார் முழுக்க. தயாவும் நானும் ஒரே உணவகத்தில் கோப்பை கழுவியவர்கள். ஒபர்வில்லியே புறநகரில் ஒரே அறை. சனி ஞாயிறுகளில் அவன் தமிழ்க் கலியாணங்களில் கித்தார் வாசிப்பான், நான் ஒலிபெருக்கிப் பெட்டி சுமப்பேன். அறிவிப்பாளர் வராத நாட்களில் மைக் என் கைக்கு வரும். வந்தால் இலேசில் திருப்பிக் கொடுக்கமாட்டேன். எனக்குச் சங்கீதம் தெரியாது, ஆனால் அடைமொழி நிறையத் தெரியும்.

"உன்ர கலியாணத்துக்கு நான்தான் வாசிப்பன், மச்சான். வேறை ஆரும் வந்து கித்தாரைத் தொட்டால் கையை முறிப்பன்" என்று அவனாகத்தான் சொன்னான். பிறகு ஒரு பிரெஞ்சுக் குழுவோடு சேர்ந்து தெற்கே போனான். போன் எடுப்பதையும் விட்டுவிட்டான். எனக்குக் கலியாணம் பொருந்திய நேரத்தில், அவர்கள் மலைப்பக்கத்து ஊரொன்றில் வாசிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். புதிதாக வாங்கிய பழைய காரில் தனியே வெளிக்கிட்டேன்.

தனியே கார் ஓடுவதில் ஒரு சுகம் உண்டு, எவ்வளவு உளறினாலும் கேட்க ஆளில்லை. பக்கத்து ஆசனத்தில் ரோல்ஸ், பொன்னாடை, கலியாணக் கார்ட். மேடையில் சொல்லப்போவதை வழி நெடுகச் சொல்லிப் பார்த்தேன். சுங்கச் சாவடியில் பின்னால் நின்றவன் ஹார்ன் அடித்தபோது, நான் கண்ணாடியைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் மேடையில் நாலைந்து பாட்டு முடிந்ததும் நிறுத்துவார்கள். பொன்னாடை போர்த்துவோம், புகழுவோம், பிறகு மிச்சப் பாட்டு. அங்கே போய்ப் பார்த்தால், இந்தப் பிரெஞ்சுக் குழுவோ ஒரு பாட்டைத் தொடங்கினால் முடிப்பதில்லை. போகிற போக்கில் ஒருவன் ஒன்றை வாசிக்க, மற்றவன் அதைப் பிடித்துக்கொண்டு வேறெங்கோ போவான். புல்வெளியில் சனம் கண்ணை மூடி ஆடியது. நான் பொன்னாடையைக் கக்கத்தில் இடுக்கியபடி முடிவுக்குக் காத்து நின்றேன். ஒரு கட்டத்தில் எல்லாம் அடங்கியது. முடிந்தது என்று நினைத்து ஏறிவிட்டேன்.

தயா என்னைக் கண்டான். அடையாளம் கண்டான் என்பதில் எனக்குச் சந்தேகமேயில்லை. போர்த்தினேன். அவனுடைய மைக்கில், "கூடப் பிறவாத என் சகோதரன் தயா..." என்றேன். கித்தார் அதே ஏற்ற இறக்கத்தோடு திருப்பிச் சொன்னது, கொஞ்சம் மூக்கால். சனம் சிரித்தது. "தயா" என்றேன். கித்தாரும் "தயா" என்றது. ட்ரம்ஸ்காரன் தாளம் சேர்த்தான். நான் இறங்கி நடந்தபோது என் நடைக்கும் வாசித்தார்கள்.

கச்சேரி முடிந்து மேடைக்குப் பின்னால் போனேன். பொன்னாடை அவர்களுடைய நாயின் முதுகில் கிடந்தது.

"நல்ல கூத்தொண்டு தந்திட்டாய், மச்சான். இனி ஒவ்வொரு முறையும் போடலாம்" என்றான் தயா.

"நான் ஆரெண்டு உவங்களுக்குச் சொன்னியோ?"

"ஓம், சொன்னனான். ஆரோ விசர் பிடிச்ச ரசிகனெண்டு."

ரோல்ஸ் பையை நீட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளிப் பிடித்தான். "உந்த மணம் வேண்டாமெண்டுதான் அங்கையிருந்து ஓடி வந்தனான். நீ அதையும் காவிக்கொண்டு வாறாய்."

கார்ட் என் சட்டைப் பையிலேயே இருந்தது. அழுகை வரவில்லை. அந்தக் கித்தாராலேயே அவன் மண்டையில் போடவேண்டும் போலிருந்தது. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.

கலியாணத்துக்கு ஸீடி போட்டோம். அது நடுவில் சிக்கித் திக்கியது, அவ்வளவுதான் நேரடி இசை. நாங்கள் கோப்பை கழுவிய உணவகம் இப்போது போன் கடை. கித்தார்க் குழுக்கள் ஒன்றும் மிஞ்சவில்லை, எல்லா மண்டபத்திலும் டிஜே.

"அவர் கதைக்கிறது தமிழோ, பப்பா?" என்று மகள் போனிலிருந்த தலையணைக்காரனைக் காட்டிக் கேட்டாள்.

நன்றாகக் காது கொடுத்துக் கேட்டேன். வெறும் உளறல்தான். "இல்லை" என்றேன்.

மெட்ரோப் படியேறும்போது அவள் அந்தக் கித்தார் மெட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். ஏற்றமும் இறக்கமும் அப்படியே நான் சொன்னபடி இருந்தன. 'கூடப் பிறவாத என் சகோதரன்' என்ற சொற்கள் மட்டும் அதில் இல்லை.